ஐப்பசி, கார்த்திகையில் குழந்தைகளோடு வெளியே போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டை, புகுந்த வீடு கடலூர் மஞ்சக்குப்பம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்றரை. மழைக்காலம் வந்தால் மற்றவர்கள் பிள்ளைகளை உள்ளே அடைக்கும் நேரத்தில் நாங்கள் வெளியே கிளம்புவோம், அதைப் பார்த்துவிட்டுப் பள்ளி வாசலிலும் மாடிப்படியிலும் கல்யாண வீட்டிலும் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"ஐப்பசி பொறந்தா அடைமழை. இதுல குழந்தைங்கள வெளிய கூட்டிட்டுப் போறதே தப்பு இல்லையா?"

அடைமழை என்று பேர்தான், ஆனால் மூன்று மாதமும் விடாமல் கொட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை போகும், நம் ஊருக்கு வருஷத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான். வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் இரண்டு மூன்று நாள் கொட்டும், அது நகர்ந்து போனதும் சில நாள் வெறிக்கும். அந்த வெறித்த நாட்கள்தான் நமக்கு.

சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்குப் பூங்காவின் சறுக்குமரத்தில் கை வைக்க முடியுமா? சுட்டுவிடும். குழந்தையோடு பகலில் வெளியே நிற்க முடிகிற மாதங்கள் நமக்குக் கொஞ்சம்தான், அதிலும் மண் ஈரமாக, ஏரி நிறைந்து, எங்கு பார்த்தாலும் பச்சையாக இருப்பது இப்போதுதான். இதைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்து வளர்வது எனக்கு மனசு ஒப்பவில்லை.

"எத்தனை வயசுலேர்ந்து கூட்டிட்டுப் போகலாம்?"

கைக்குழந்தைக்கு மொட்டை மாடியும் வாசலும் போதும், வெயில் தாழ்ந்து அரை மணி நேரம். நடக்கத் தொடங்கிய பிறகு பக்கத்துப் பூங்கா. ஏரி, படகு எல்லாம் "நில்" என்றால் நிற்கிற வயசு வந்த பிறகுதான். எங்கள் சின்னவன் இன்னும் அந்த வயசுக்கு வரவில்லை, அதனால் தண்ணீர் இருக்கும் இடத்தில் அவன் கை எப்போதும் ஒரு பெரியவர் கைக்குள் இருக்கும்.

"எல்கேஜி புக்குல இது இலையுதிர் காலம்னு போட்டிருக்கு. நம்ம ஊர்ல ஏன் இலை உதிரவே இல்ல? பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. அந்தப் படத்தில் இருப்பது குளிர்நாட்டு மரங்கள். அங்கே பகல் சுருங்கிக் குளிர் ஏறும்போது இலையில் பச்சையம் சிதைந்து, மஞ்சளும் சிவப்பும் தெரிந்து, பிறகு உதிர்கிறது. நம் மரங்களுக்குப் பயம் குளிரைப் பார்த்து இல்லை, வறட்சியைப் பார்த்து. மழையெல்லாம் முடிந்து தரை காயத் தொடங்கும் மாசி, பங்குனியில்தான் வேம்பும் அரசும் இலையைக் கொட்டிவிட்டுக் கையோடு தளிர் விடும். ஆக, அக்டோபரில் பழுத்த இலை ஒட்டி வரச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுத்தால் பிள்ளை எங்கே போகும்?

நம் முன்னோர் வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம், அதாவது மழையும் ஊதைக்காற்றும் சேர்ந்த குளிர்காலம். பிள்ளையிடம் "இது கூதிர்" என்று சொல்லிக் கொடுங்கள். அப்புறம் தெருவில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒருமுறை அதன் கீழே நிறுத்திப் படம் எடுங்கள். எங்கள் தெருமுனையில் ஒரு நாட்டு வாதாம் மரம் இருக்கிறது, அது பொங்கல் கழிந்த பிறகு இலையைச் செக்கச் செவேலென்று மாற்றும். மகள் அதைப் போன வருஷம் கண்டுபிடித்துவிட்டு, "புக்குல போட்ட மரம் நம்ம தெருவுலயே இருக்கும்மா, அதுக்கு மாசம்தான் தப்பு" என்றாள்.

"மழையில நனைஞ்சா சளி பிடிக்கும்னு என் மாமியார் வாசல் தாண்ட விடமாட்டேங்கறாங்க. என்ன சொல்றது?"

சளிக்குக் காரணம் வைரஸ், மழைத்துளி இல்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருக்கும்போதுதான் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுலபமாகத் தொற்றுகிறது. ஆனால் அத்தை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: சின்ன உடம்பு ஈரத் துணியில் காற்றில் நின்றால் சீக்கிரம் குளிர்ந்துவிடும், நடுங்கும். அதனால் நனையவே கூடாது என்று சண்டை போடுவதற்குப் பதில், நனைந்தால் பத்து நிமிஷத்துக்குள் தலை துவட்டி உடை மாற்றிவிடுவது என்று அவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் துண்டோடு வாசலில் நிற்பதே மாமியார்தான்.

ஆஸ்துமா, இழுப்பு உள்ள குழந்தை என்றால் மட்டும் குழந்தையைப் பார்க்கும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"எத்தன மணிக்குப் போகணும்? எவ்வளவு நேரம்?"

ஏழிலிருந்து ஒன்பது, இல்லாவிட்டால் சாயங்காலம் மூன்றரையிலிருந்து ஐந்து. கார்த்திகை பிறக்கும்போது 5.40க்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், பலர் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும் என்று கோடைக் கணக்கில் கிளம்பிவிட்டு இருட்டில் தடுமாறுகிறார்கள். ஒரு மணி நேரம் போதும், பிள்ளை "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

"பையில என்னென்ன எடுத்துட்டுப் போவீங்க?"

மாற்றுத்துணி இரண்டு செட், துண்டு, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை, தண்ணீர், கொசுவிரட்டி க்ரீம். காலுக்குப் பின்னால் வார் வைத்த செருப்பு, ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். ஷூ வேண்டாம், ஒருமுறை நனைந்தால் இந்தக் காலத்தில் மூன்று நாளுக்குக் காயாது. கையில் குடையைக் கொடுப்பதைவிட ரெயின்கோட் மேல், இரண்டு கையும் சும்மா இருந்தால்தான் பிள்ளை விழும்போது ஊன்றிக்கொள்ள முடியும்.

தின்பதற்கு அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஒரு எச்சரிக்கை: நாலைந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக் கொட்டை தொண்டையில் சிக்கும், நசுக்கிக் கொடுங்கள், ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள்.

"செலவில்லாம எங்க போறது? எப்பப் பாத்தாலும் பீச்சுதானா?"

சின்னவர்களுக்கு ஆயி மண்டபம் இருக்கும் பாரதி பூங்கா. 1826ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய தாவரவியல் பூங்கா இன்னும் நல்லது, மழைக்குப் பிறகு மரப்பட்டையில் பாசியும் காளானும் பார்க்கலாம், கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏரிகளுக்கு இதுதான் பருவம். பத்துக்கண்ணு போகும் வழியில் ஊசுடு ஏரி, கடலூர் பக்கம் போனால் பாகூர் ஏரி. அக்டோபரிலிருந்து வலசைப் பறவைகள் வரத் தொடங்கும், மழை நின்ற மறுநாள் காலையில் போனால் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நாமக்கோழி எல்லாம் பைனாகுலர் இல்லாமலே தெரியும். சின்னக் குழந்தைக்குப் பறவையின் பெயர் முக்கியமில்லை. நத்தைகுத்தியின் அலகுக்கு நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், மூடினாலும் முழுசாக மூடாது, அதைக் காட்டினால் போதும், அன்றைக்கு முழுக்க வாயை அப்படியே வைத்துக்கொண்டு திரிவார்கள். கரையின் மேல் மட்டும் நடங்கள், மழையில் ஊறிய கரை ஓரம் சரியும்.

ஏரி வரைகூடப் போகவேண்டாம் என்றால் அண்ணாந்து மின்கம்பியைப் பாருங்கள். பிளவுபட்ட வாலோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்கள் வடக்கிலிருந்து நம்மைத் தேடி வந்தவை.

மேகம் போட்டு மழை வராத ஒரு நாள் கிடைத்தால் திருவக்கரை. புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கி.மீ., ஏறக்குறைய 2 கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நிழல் குறைவான வெட்டவெளி என்பதால் கோடையில் குழந்தையோடு போகவே முடியாது, மேகம் கவிந்த கார்த்திகைதான் அதற்குச் சரி. கையால் தடவிப் பார்த்தால் மரத்தின் ரேகை அப்படியே இருக்கும், தட்டினால் கல். ஒரு துண்டுகூட எடுத்து வரக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

"அப்போ பீச்சுக்குப் போகவே கூடாதா?"

போகலாம், கடலில் இறங்கக் கூடாது. இந்த மாதங்களில் வடகிழக்குக் காற்றில் அலை நேரே கரையை அறையும், நீரோட்டம் மாறிக்கொண்டே இருக்கும், முழங்கால் ஆழம்தானே என்று நிற்கும் இடத்தில் காலடி மணல் அடுத்த அலையில் அரித்துப் போய்விடும். புதுச்சேரி கடற்கரைச் சாலையின் கருங்கற்கள் பாசி பிடித்து வழுக்கும், அதன்மேல் பிள்ளையை நிறுத்திப் படம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சாலையிலேயே நடங்கள், சாயங்காலத்துக்குப் பிறகு அங்கே வண்டி வராது, சைக்கிள் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பெரிய மணல்வெளி. அலையை விட்டுத் தள்ளி மேல் மணலில் உட்காருங்கள். நண்டு வளை, மழைத்துளி மணலில் போட்ட புள்ளிக்குழி, ஊதாப் பூ பூத்த அடம்பங்கொடி என்று அங்கேயே அரை நாள் போகும். "அடம்பங்கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியை ஒரு கொடியை இழுத்துப் பார்க்கச் சொல்லிப் புரியவைத்தேன், இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கெடிலமோ தென்பெண்ணையோ, மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போது வந்து சேரும்.

"மழைக்கு லீவு விட்டாச்சு, ஆனா மழையே இல்ல. சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்ல?"

வானிலை மையம் சொல்லும் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. கனமழை, அதற்குப் பொதுவாக மஞ்சள்; 12 முதல் 20 மிகக் கனமழை, அதற்கு ஆரஞ்சு; அதற்கு மேல் அதி கனமழை, அதற்குச் சிவப்பு. எங்கள் வீட்டுக் கணக்கு இது: மஞ்சள் என்றால் ஓடி வரக்கூடிய தூரத்தில் இருக்கும் பூங்கா மட்டும், ஆரஞ்சு என்றால் மாடியோடு சரி, சிவப்பு என்றால் வாசல்படி தாண்டுவதில்லை. அதை மீறிக் கடல் எப்படிச் சீறுகிறது என்று பார்க்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன், போகாதீர்கள் என்று.

2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதைப் பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது நகராமல் பல மணி நேரம் நம் தலைக்கு மேலேயே நின்றது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மழை விட்ட பிறகும் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. அதனால் மழை நின்றதும் கிளம்பிவிடாமல் ஒரு நாள் பொறுங்கள். அந்த நேரத்தில் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு 1 முதல் 11 வரை எதைக் குறிக்கிறது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைந்து பார்க்கலாம், எங்கள் மகளுக்கு எல்லாம் மனப்பாடம்.

"வெளிய இருக்கும்போது இடி இடிச்சா?"

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள், இடி கேட்கும்வரை. மூன்று எண்ணினால் சுமார் ஒரு கி.மீ. தூரம். முப்பதுக்குள் கேட்டால் உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. மரத்தடி, ஏரிக்கரை, வெட்டவெளி, படகு நான்கும் ஆபத்துதான். எண்ணுவது பிள்ளைகளின் பயத்தையும் குறைக்கும்.

"தேங்கின தண்ணில குதிக்க விடலாமா? ஆசையா இருக்கான்."

எந்தத் தண்ணீர் என்பதுதான் விஷயம். மொட்டை மாடியிலோ பூங்காப் புல்லிலோ இப்போது பெய்து தேங்கியது என்றால் குதிக்கட்டும், காகிதக் கப்பலும் விடட்டும். தெருவில் சாக்கடையோடு கலந்து ஓடும் நீர் கூடாது. எலி சிறுநீர் கலந்த நீர் கீறல் வழியாக எலிக்காய்ச்சலைக் கொடுக்கும், மூடி திறந்த கால்வாய் கண்ணுக்கே தெரியாது, அறுந்த மின்கம்பி கிடக்கலாம். அடி தெரியாத தண்ணீரில் கால் வைக்காதே என்பது எங்கள் வீட்டில் சட்டம்.

மண்ணில் விளையாடினால் நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவற விடாதீர்கள்.

"பூச்சி, பொட்டு, பாம்பு எல்லாம் வருமே?"

வரும், அதில் பாதி காட்டுவதற்கே வருகிறது. முதல் மழைக்குப் பிறகு செம்மண் தரையில் தம்பலப்பூச்சி கிடைக்கும். ரத்தச் சிவப்பில் வெல்வெட் துணியைக் கிள்ளிப் போட்டதுபோல, மகள் உள்ளங்கையில் முதலில் காலை மடக்கிச் செத்ததுபோல் கிடந்தது, கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம், ஒவ்வொரு காலாக நீட்டி விரலிடுக்கு வழியாக நடக்கத் தொடங்கியது. எட்டுக் கால், அதனால் சிலந்திக்குச் சொந்தம். பார்த்துவிட்டு அதே மண்ணில் விட்டுவிடுங்கள், தீப்பெட்டியில் அடைத்தால் செத்துவிடும். தட்டானும் ஈசலும் பாருங்கள், "அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அறிகுறி" என்று சொல்லி அது சரிதானா என்று ஒரு நோட்டில் குறித்து வரச் சொல்லுங்கள்.

மரவட்டையைப் பார்க்கலாம், பிடிக்க வேண்டாம், அது விடும் நீர் எரியும். பூரான் கடிக்கும். வளையில் தண்ணீர் புகுந்தால் பாம்பும் வெளியே வரும், ஆகவே புதர், கல் குவியல், விறகுக் கட்டு பக்கம் கை விடக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், அசையாமல் தூக்கி 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

"போய்ட்டு வந்து ரெண்டு நாள்ல காய்ச்சல் வந்தா வெளிய போனதாலதானா?"

எப்போதும் இல்லை, வீட்டுத் தொட்டியிலும் டெங்குக் கொசு வளரும், அது பகலில் கடிப்பது. முழுக்கை சட்டை போடுங்கள், க்ரீமை வயது பார்த்து வாங்கி, குழந்தையின் உள்ளங்கையில் தடவாமல் விடுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

பலருக்குத் தெரியாதது உண்ணிக் காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பூச்சி கடித்து வருவது, நம் பகுதியில் மழையும் குளிரும் சேர்ந்த இந்த மாதங்களில்தான் அதிகம். கடித்து ஒன்று இரண்டு வாரம் கழித்துக்கூட வரும். காய்ச்சல் இறங்காவிட்டால் குழந்தையின் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், இடுப்பு எல்லாம் பாருங்கள், பீடி சுட்டதுபோல் வலிக்காத கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கலாம். இருந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டி, புதர் பக்கம் போனோம் என்றும் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும், விட்டால் மோசமாகும். நாங்கள் புல்வெளியிலிருந்து வந்ததும் உடுப்பைத் துவைக்கப் போட்டு, உடம்பு முழுக்கச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவோம்.

"பூ, காய், விதை பொறுக்கிட்டு வரா. எல்லாம் தொடலாமா?"

பூவரசங்காய் பம்பரம், புன்னைக்கொட்டை கோலி, வேப்பிலை, தாராளமாக. மூன்றைப் பிள்ளைக்குப் பெயரோடு அடையாளம் காட்டிவிடுங்கள். ஒன்று செங்காந்தள், இந்த மாதங்களில் வேலியில் தீச்சுடர்போல் பூக்கும், தமிழ்நாட்டின் மாநிலப் பூ, அழகுக்கு ஈடில்லை, ஆனால் கிழங்கு முதல் பூ வரை விஷம். அடுத்து மஞ்சள் அரளிக் காய். மூன்றாவது சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி, கடித்து விழுங்கினால் ஆபத்து. சின்னவன் ஒருமுறை அரளிக் காயை வாய்க்குக் கொண்டுபோனதைப் பார்த்துத் தட்டிவிட்டேன், அன்றிலிருந்து "பார்க்க, வரைய, தின்னாதே" என்று மூன்று சொல் பழக்கியிருக்கிறோம்.

"பிச்சாவரம் போட்டிங் இப்போ போலாமா?"

சிதம்பரத்துக்குப் பக்கம், கடலூர் மாவட்டம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022ல் சேர்ந்த அலையாத்திக் காடு. மழை விட்டு இரண்டு நாள் ஆன காலையில் போகலாம், லைஃப் ஜாக்கெட் குழந்தை அளவில் இருந்தால் மட்டும் ஏறுங்கள், இல்லாவிட்டால் கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புங்கள். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்துப் பச்சைப் பென்சில்போல் தொங்குவதைக் காட்டுங்கள். படகிலிருந்து கையை நீட்டிக் கிளை ஒடிக்க விடாதீர்கள், அங்கே தில்லை மரமும் உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது அந்த மரத்தால்தான்.

"கார்த்திகைக்கு மாவலி சுத்தணும்னு தாத்தா சொல்றாரு. சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்ல சரிப்படுமா?"

மாவலி என்பது கரித்தூள் அடைத்து, கயிற்றில் கட்டிப் பொறி பறக்கச் சுற்றும் துணிப்பை. சரிப்படும், செய்யும் வேலையில் பிள்ளைகள், சுற்றும் வேலையில் பெரியவர்கள் என்று பிரித்துக்கொண்டால். மஞ்சக்குப்பம் வீட்டில் மாமனார் ஆண் பனையின் காய்ந்த பூவைக் குழியில் எரித்து மண் போட்டு மூடி, கரியாக்கி எடுப்பார். அதை இடித்துச் சலிப்பது பேத்தி வேலை, மூக்கு நுனி வரை கரி. பழைய வேட்டித் துணியில் நீளப் பையாகத் தைத்து இறுக்கி அடைத்து, பிளந்த பனை மட்டை மூன்றுக்கு நடுவே வைத்துக் கட்டிக் கயிறு போடுவார்.

பருத்தித் துணி போட்டு, வைக்கோலோ பட்டாசுக் குப்பையோ இல்லாத வெட்டவெளியில், பிள்ளைகளைப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நிறுத்திவிட்டு, நுனியில் கங்கு வைத்துச் சுற்றினால் பொறி வட்டமாகக் கொட்டும். போன கார்த்திகையில் தரை ஈரமாக இருந்ததால் ஒவ்வொரு பொறியும் "ஸ்ஸ்" என்று அணைந்த சத்தம் தனியாகக் கேட்டது, சின்னவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைத்தான் ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.